சேலத்தில் ஒரு குடும்பக் கல்விப் பதிப்பகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக்கு வருகிறவர்கள், புத்தகக் காட்சியில் நின்று பேசுகிறவர்கள், ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்கிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிச் சில கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தாத்தா தொடங்கி, அப்பா நடத்தி, இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்ளும் இந்தப் பதிப்பகத்தைப் பற்றிய அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிப்பகம் எப்படித் தொடங்கியது?

முதலில் இருந்தது அச்சகம்தான். தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் இன்னொருவரின் அச்சகத்தில் கூலிக்கு அச்சுக் கோத்தவர். நாடு விடுதலை அடைந்து சில வருடங்கள் கழித்து, கடன் வாங்கி ஒரு பழைய ட்ரெடில் மெஷினைப் பிடித்தார். காலால் மிதித்தால் ஓடும் மெஷின். கல்யாணப் பத்திரிகை, சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குப் பில் புக், நெசவாளர் சங்கங்களுக்கு லெட்ஜர், ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ் என்று வந்த வேலையை எல்லாம் செய்தார்.

பரீட்சைக் கேள்வித்தாள் வேலை வந்தபோதுதான் வாத்தியார்கள் கடைக்குள் வர ஆரம்பித்தார்கள். கேள்வித்தாளை வெளியாள் பார்க்கக்கூடாது என்பதால் புரூஃப் (பிழை திருத்த எடுக்கும் படி) பார்க்க அவர்களே வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளரும். அப்படிப் பேச்சு வளர்ந்த ஒரு வேதியியல் விரிவுரையாளர், மாணவர்களுக்காகத் தமிழில் எழுதி வைத்திருந்த செய்முறைக் குறிப்புகளை ஒருநாள் கொண்டுவந்து மேசையில் வைத்தார். புத்தகமாகப் போட முடியுமா என்று கேட்டார். தாத்தாவிடம் பேப்பர் வாங்கவே காசில்லை. மாணவர்களிடம் முன்பணம் வசூலித்து, அதில் பேப்பர் வாங்கி அச்சிட்டார்கள். இதுதான் எங்கள் முதல் நூல். அட்டையில் பதிப்பகத்தின் பெயர்கூடக் கிடையாது. கடைசிப் பக்கத்தின் கீழே அச்சகத்தின் பெயர் மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும்.

சென்னையில் இல்லாமல் சேலத்தில் ஏன்?

இந்தக் கேள்வியைச் சென்னைக்காரர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பழைய சேலம் மாவட்டம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். தருமபுரி 1965-ல் பிரிந்தது. நாமக்கல் 1997-ல் பிரிந்தது. 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனியானது. அதற்கு முன்பெல்லாம் ஓசூர் தொடங்கி நாமக்கல் வரைக்கும் படிக்க வருகிற பிள்ளைகளுக்குச் சேலம்தான் பெரிய ஊர். இங்குள்ள அரசு கலைக் கல்லூரி 1857-லேயே தொடங்கியது. வாசகர்கள் இங்கே இருந்தார்கள், எழுதக்கூடிய ஆசிரியர்களும் இங்கேயே இருந்தார்கள். புத்தகம் மட்டும் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. தமிழில் அறிவியல் எழுதும் முயற்சி இந்த ஊருக்குப் புதிதில்லை. ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916-ல், நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் உருவாக்க ஒரு சங்கமே வைத்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் எல்லாவற்றுக்கும் சொல் தேடினார்கள். அவர் சேலம் நகராட்சித் தலைவரானது அதற்கு அடுத்த ஆண்டு. எங்கள் கடைக்கு வந்த பேராசிரியர்கள் அந்த 1916 முயற்சியை ஏதோ நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். “அவங்க ஆரம்பிச்சு வெச்சதை நாமதான் முடிக்கணும்” என்று தாத்தாவிடம் சொல்வார்கள். படிப்பு அதிகம் இல்லாத ஒரு அச்சுக்கோப்பவருக்கு அது எவ்வளவு பெரிய பொறுப்பாகப் பட்டிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நிறைகிறது.

கல்லூரிப் பாடநூல்களை அரசே வெளியிட்டதே, அப்போது என்ன செய்தீர்கள்?

1960-களில் கலைக் கல்லூரிகளில் தமிழ் பயிற்றுமொழி படிப்படியாக வந்தபோது அரசே கல்லூரி நூல்களைத் தமிழில் வெளியிட ஆரம்பித்தது. 1970-ல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வந்தது. அந்த நூல்களின் விலைக்கு எங்களால் ஈடு கொடுக்க முடியாது, ஈடு கொடுக்க நினைப்பதும் தவறு. பெரிய பாடத்துக்குப் பெரிய நூலை அரசு போடட்டும், அது போடாததை நாம் போடலாம் என்று தாத்தா முடிவு செய்தார். செய்முறைக் கையேடு, துணைப்பாடக் கணிதம், புள்ளியியல் அட்டவணை, கலைச்சொல் பட்டியல் என்று மெல்லிய நூல்களாக வந்தன. ஒவ்வொரு நூலும் கொஞ்சமாகத்தான் விற்கும். ஆனால் வருடா வருடம் விற்கும். அந்தக் “கொஞ்சம், ஆனால் வருடா வருடம்” என்ற கணக்கில்தான் இந்த வீடு ஓடியிருக்கிறது.

அந்தக் காலத்தில் கணக்குச் சமன்பாட்டை எல்லாம் எப்படி அச்சிட்டார்கள்?

இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள்.

தமிழில் அச்சுக் கோப்பதே பெரிய வேலை. கொம்பு, இணைக்கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனி அச்சு, எந்த எழுத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கு, கூ, சு, சூ என்று உகர, ஊகார எழுத்துகள் 36-க்கும் தனித்தனி அச்சு வேண்டும். கி, கீ வரிசையிலும் அப்படித்தான். எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் பெட்டிக்குக் கேஸ் என்று பெயர். அதனால் இங்கிலீஷ் கேஸைவிடத் தமிழ் கேஸில் அறைகள் அதிகம். எந்த அறையில் எந்த எழுத்து என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், விரல் தானாக அறைக்குப் போகும். ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் எழுத்துகள் தலைகீழாக, இடம் வலம் மாறி அடுக்கப்படும். ஸ்டிக் நிறைந்ததும் காலி என்ற நீளத் தட்டுக்கு மாற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, மை தடவி ஒரு புரூஃப் எடுப்பார்கள்.

சமன்பாடு வந்தால் வேகம் நின்றுவிடும். ஒரு பின்னத்துக்கு மேலே ஒரு வரி, நடுவில் மெல்லிய பித்தளைக் கோடு, கீழே ஒரு வரி. அடுக்குக்குறி சின்ன அளவு எழுத்து. அதற்குக் கீழே வெற்றிடம் நிரப்ப ஈயத்துண்டு. மூன்று அளவு எழுத்தும் கோடும் ஒரே கட்டத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் மெஷின் ஓடும்போது ஓர் எழுத்து மேலே எழும்பி வந்துவிடும். தாத்தா காகிதத் துணுக்கை மடித்து இடுக்கில் செருகி இறுக்குவார். ஒரு பக்கம் முழுக்கச் சமன்பாடு என்றால் ஒரு நாள் போய்விடும். கிரேக்க எழுத்துகள் எண்ணி வைத்ததுபோலத்தான் இருக்கும். ஒரு பக்கத்தில் ‘ஆல்ஃபா’ தீர்ந்துவிட்டால், முந்தைய பக்கம் அச்சாகி, எழுத்தைப் பிரித்துத் திரும்பக் கேஸில் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் ஒரு நூல் முழுவதையும் கோத்து வைத்துக்கொண்டு திருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு ஃபாரம், அதாவது சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம், முடிந்து அச்சேறிய பிறகுதான் அடுத்த ஃபாரத்துக்கு ஈய எழுத்து கிடைக்கும். முதல் பக்கத்தில் ஒரு கலைச்சொல்லைப் போட்டுவிட்டால் நூல் முடியும்வரை அதை மாற்ற முடியாது. ஆசிரியரும் அச்சுக்கோப்பவரும் தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்து எல்லாச் சொல்லையும் முடிவு செய்துவிடுவார்கள். அப்போது வந்த நூல்களில் கலைச்சொல் சீராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புரூஃப் பார்த்தவர்கள் யார்? தனியாக ஆள் வைத்திருந்தீர்களா?

ஆயாவும் அத்தையும்தான் பார்த்தார்கள். அதாவது அப்பாவின் அம்மாவும் அக்காவும். இதைக் கேட்பவர்கள் குறைவு, நானேதான் இந்தக் கேள்வியைப் பட்டியலில் சேர்த்தேன்.

சாயங்காலம் சமையல் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் திண்ணையில் உட்காருவார்கள். ஆயா கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், அத்தை புரூஃபில் விரல் வைத்துக்கொண்டு போவார். காற்புள்ளி, அடைப்பு, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். “எக்ஸ் மேலே இரண்டு, கூட்டல், அடைப்பு திற, இரண்டு எக்ஸ் ஒய், அடைப்பு மூடு, சமம்” என்று ஆயா பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே போவார். ஆயா படித்தது ஐந்தாம் வகுப்பு. கணக்கு புரிந்து வாசித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் திறந்த அடைப்பு மூடவில்லை என்றால் அவர் காதுக்கு உடனே தெரிந்துவிடும், “எங்கயோ ஒண்ணு தொறந்தே கெடக்குது பாரு” என்பார். அத்தை பிறகு தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கினார். எங்கள் நூல்களில் இன்று இருக்கும் நடை விதிகள், எந்த இடத்தில் ஒற்று மிகும், எண்ணை எப்படி எழுதுவது என்பதெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்தவை. அந்த நோட்டுதான் இன்றும் எங்கள் மேசையில் இருக்கிறது.

பழைய நூல்களில் இவர்கள் பெயர் எங்கும் வராது. மறுபதிப்பு போடும்போதெல்லாம் மெய்ப்புப் பார்த்தவர் என்று இப்போது இருவர் பெயரையும் சேர்த்துவருகிறோம்.

எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது என்ன ஆயிற்று?

1978 அக்டோபரில் அரசாணை வந்தது. ணை, லை, ளை, னை நான்கும், ணா, றா, னா மூன்றும், அவற்றை ஒட்டிய ஒகர, ஓகாரங்களும் சேர்த்து 13 எழுத்துகளின் பழைய வடிவம் போய், இப்போது எழுதும் வடிவம் வந்தது. பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் இதைச் செய்துகாட்டிவிட்டார். அச்சகக்காரர்களுக்கு இது நல்லதாகவே முடிந்தது. யானைத் துதிக்கை போல வளைந்த அந்தப் பழைய ‘லை’க்கு இனித் தனி அச்சு வேண்டாம், இருக்கிற ஐகாரக் கொம்பையே போட்டுக்கொள்ளலாம். ஈயம் மிச்சம், கேஸில் அறை மிச்சம்.

சிக்கல் மறுபதிப்பில் வந்தது. ஆனால் ஈய அச்சில் மறுபதிப்பு என்றாலே திரும்பக் கோப்பதுதான் என்பதால், ஒவ்வொரு நூலாக அடுத்த பதிப்பில் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் நூல் ஒன்று பழைய எழுத்தில் உங்களிடம் இருந்தால் அது அந்த ஆணைக்கு முன்பு அச்சானது என்று கொள்ளலாம்.

கைடு, நோட்ஸ் ஏன் போடுவதில்லை? அதில்தானே காசு?

காசு அதில்தான், மறுக்கவில்லை. குடும்பத்தில் பாகம் பிரிந்ததே இந்தக் கேள்வியில்தான். சித்தப்பா கைடு போடலாம் என்றார். தாத்தாவும் அப்பாவும் வேண்டாம் என்றார்கள். சித்தப்பா சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டியவர், வருடத்துக்கு முன்னூறு பிரதி விற்கும் புள்ளியியல் அட்டவணையை நம்பி எவ்வளவு காலம் இருப்பார்? அப்பாவின் பக்கம் வேறு நியாயம். கைடு போட ஆரம்பித்தால் கைடு எழுதுகிறவர்கள்தான் கடைக்கு வருவார்கள், மற்றவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்றார். அப்பா சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சரிக்கு அம்மாவின் நகைகள் பல வருடம் அடகில் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு பதிப்பகத்தைப் பாகம் பிரிப்பது வீட்டைப் பிரிப்பதுபோல் இல்லை. மெஷினை விலை போட்டுவிடலாம், ஈயத்தை எடை போட்டுவிடலாம். நூல்களை எப்படிப் பிரிப்பது? அப்போதுதான் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. பெரும்பாலான நூல்களுக்கு எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு, வெற்றிலை பாக்கோடு முடிந்த பேச்சு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ள வேண்டும். எந்த நிலப்பரப்பு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதி. ஆக அண்ணன் தம்பி இருவரும் பிரித்துக்கொள்ள உட்கார்ந்த சொத்தில் பாதிக்கு மேல் ஆசிரியர்களின் சொத்து. பிறகு அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்தே ஒவ்வோர் ஆசிரியர் வீடாகப் போய், யாரிடம் நூலைத் தர விரும்புகிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். அதனாலோ என்னவோ, பேச்சுவார்த்தை நிற்காமலே பாகம் முடிந்தது. சித்தப்பாவின் பிள்ளைகள் இன்றும் எங்கள் நூல்களைத் தங்கள் கடையில் வைத்து விற்கிறார்கள்.

பெரியார் பல்கலைக்கழகம் வந்தது உங்களுக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும். 1997 வரை இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. பாடத்திட்டம் மாறியதும், சென்னைப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப அச்சிட்டு வைத்திருந்த நூல்கள் கட்டுக்கட்டாகத் தேங்கின. பாடத்திட்டத்தை நம்பி நூல் போடுகிற எல்லோருக்கும் வரும் அடிதான் இது. பாடத்திட்டம் சில வருடத்துக்கு ஒருமுறை மாறும், அலமாரியில் இருப்பது அன்றோடு பழைய பேப்பர்.

ஆனால் பல்கலைக்கழகம் கருப்பூரில், கூப்பிடு தூரத்தில் வந்துவிட்டதால் ஆய்வாளர்களும் பக்கத்தில் வந்தார்கள். பாடநூலைக் குறைத்து ஆய்வு நூல்களின் பக்கம் அப்பா திரும்பியது இதற்குப் பிறகுதான். சேலம் மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகளான லெஃபானு 1883-ல் எழுதிய மேனுவல், ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியர் என்ற மாவட்ட விவர நூல்கள் இரண்டும் இங்கிலீஷில் இருக்கின்றன. ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தென்னிந்தியக் கற்காலக் கருவிகளைப் பற்றி எழுதியதும் இங்கிலீஷில்தான். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். இந்த மண்ணைப் பற்றி இந்த மண்ணின் மொழியில் ஆய்வு நூல் குறைவு. சேர்வராயன் மலையில் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைக்கும் முறை, சேலத்தில் குகை என்ற பகுதியின் நெசவாளர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் என்று ஆய்வேடுகள் வந்துகொண்டே இருந்தன. ஆய்வேடாகவே இருந்தால் அது பல்கலைக்கழக நூலகத்தின் ஓர் அலமாரியோடு முடிந்துபோகும். நூலானால் அந்தப் பட்டறைக்காரரே வாங்கிப் படிக்கலாம். படித்தும் இருக்கிறார்கள். கொலுசு நூலில் ஒரு கருவியின் படம் தலைகீழாக இருப்பதைக் கடைக்கு வந்து சொன்னவர் ஒரு பட்டறைத் தொழிலாளிதான்.

என் ஆய்வேட்டை வெளியிட எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

கட்ட வேண்டாம். நூலை ஏற்றுக்கொண்டால் செலவு எங்களுடையது, விற்பனையில் பங்கு உங்களுடையது. ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் எவ்வளவு கொடுத்தாலும் வெளியிடமாட்டோம்.

வருகிற ஆய்வேட்டைத் துறை அறிந்த இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம். பிறகு பெரும்பாலும் திரும்பி எழுதச் சொல்கிறோம். ஆய்வேடு எழுதுவது தேர்வாளருக்காக, நூல் எழுதுவது படிக்கிறவருக்காக. முதல் இயலில் வரும் முந்தைய ஆய்வுகளின் நீண்ட பட்டியல், ஒவ்வோர் இயல் முடிவிலும் வரும் தொகுப்புரை எல்லாம் நூலில் வேண்டியதில்லை. இதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். பொறுமை இருப்பவர்கள் வாருங்கள்.

ஐஎஸ்பிஎன் எண் மட்டும் வாங்கித் தருவீர்களா?

தரமாட்டோம். கல்லூரி ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்கும் நேர்காணலுக்கும் ஐஎஸ்பிஎன் உள்ள நூலுக்கான மதிப்பெண் வேண்டும் என்பதால் இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது. கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களை அந்த நிலையில் நிறுத்தியிருக்கும் முறை மேல்தான் வருத்தம்.

இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை பதிப்பாளருக்கும், சொந்தமாக நூல் வெளியிடும் ஆசிரியருக்கும் கட்டணமின்றித் தருகிறது. 2007 முதல் அது 13 இலக்கம். 978-க்குப் பின் 81 அல்லது 93 என்று வந்தால் இந்தியாவில் பெற்ற எண். அவ்வளவுதான் அதன் பொருள். நூலை அடையாளம் காட்டும் எண் அது, தரச்சான்று இல்லை. “ஒரு கட்டுரைக்கு இவ்வளவு, ஐஎஸ்பிஎன்னோடு” என்று யாராவது விலை சொன்னால், இலவசமாகக் கிடைப்பதை உங்களுக்கு விற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

குடும்பமாக நடத்தும் கல்விப் பதிப்பகங்கள் உலகில் வேறு எங்காவது நிலைத்திருக்கின்றனவா?

நிறைய. அமெரிக்காவில் வைலி 1807-ல் நியூயார்க்கில் ஓர் அச்சுக்கடையாகத் தொடங்கியது, நம் கதை போலவேதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள மருத்துவப் பதிப்பகமான கார்கர் 1890-ல் பெர்லினில் தொடங்கியது. யூதக் குடும்பம் என்பதால் நாஜிகள் காலத்தில், 1937-ல், நாடு மாறியது. நம் நாட்டில் மோதிலால் பனாரசிதாஸ் 1903-ல் லாகூரில் தொடங்கி, பிரிவினையில் அந்த ஊரையே இழந்து, காசி, பட்னா, டெல்லி என்று வேர் பிடித்தது. இந்தியவியல் படிக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களின் நூல் இல்லாமல் படிக்க முடியாது. தமிழில் 1920-ல் திருவரங்கம் பிள்ளையும் தம்பி சுப்பையா பிள்ளையும் உழைத்து வளர்த்த சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைச் சொல்லலாம். அது குடும்பச் சொத்தாக இல்லாமல் கழகமாகவே அமைந்தது என்றாலும், அண்ணன் தம்பி உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

கைமாறியதும் உண்டு. 1879-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சின்னப் புத்தகக் கடையாகத் தொடங்கிய பிளாக்வெல் குடும்பத்தின் பதிப்பகம் 2007-ல் வைலிக்குப் போனது, கடை 2022-ல் வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற புத்தகக் கடை நிறுவனத்துக்குப் போனது. ஆய்விதழ்கள் பெரும் வியாபாரமாகிவிட்ட பிறகு நடுத்தர அளவில் இருப்பவர்கள் நிற்பது கடினம். எங்களைப் போலச் சின்னதாக இருப்பவர்களை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. ஒரு நூல் இருபது வருடம் மெதுவாக விற்கட்டும் என்று விட்டுவைக்கச் சொந்த வீட்டின் பின்கட்டு வேண்டும், அவசரப்படுத்தாத ஆட்கள் வேண்டும். அந்த இரண்டும் குடும்பத்தில் கிடைக்கின்றன.

பழைய நூல்கள் கிடைக்குமா? மின்னூலாக?

ஈய அச்சுக் காலத்து நூல்களை ஸ்கேன் செய்துவருகிறோம். உண்மையில் அவை சுலபம், காகிதம் இருந்தால் போதும். கஷ்டம் கொடுப்பவை 1990-களின் நூல்கள். அப்போது கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வந்த புதிதில் ஒவ்வொரு கம்பெனியின் தமிழ் ஃபான்டும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. கோப்பு இருக்கிறது, திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை தெரிகிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றும் மென்பொருள் உரைநடையை மாற்றிவிடும். சமன்பாட்டிலும் அட்டவணையிலும் ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். அதனால் திரும்பவும் ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்கும் முறைக்கே வந்திருக்கிறோம். தம்பி வாசிக்கிறான், நான் பார்க்கிறேன்.

எங்களிடமே பிரதி இல்லாத நூல்கள் சில உண்டு. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலையும் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் இன்னும் மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அதில் ஒன்று சென்னை கன்னிமாரா. தாத்தா இதில் தவறியதே இல்லை. அதன் பலனாக, வீட்டில் காணாமல்போன எங்கள் துணைப்பாடக் கணித நூலின் முதல் பதிப்பைக் கன்னிமாராவில் உட்கார்ந்து பார்த்தோம்.

இறந்துபோன ஆசிரியரின் நூலுக்கு ராயல்டி யாருக்குப் போகிறது?

வாரிசுகளுக்கு. ஆசிரியர் இறந்த பிறகும் 60 வருடம் பதிப்புரிமை உண்டு. வாரிசுகளைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. பழைய முகவரிக்குப் போனால் வீடு இடிந்து காம்ப்ளெக்ஸ் நிற்கும். எதிர்த்த மளிகைக் கடையில் கேட்டால் பெரும்பாலும் தகவல் கிடைத்துவிடும். தொகை சின்னதுதான். ஆனாலும் தங்கள் அப்பாவின் பெயர் போட்ட புத்தகமும் ஒரு செக்கும் கையில் வரும்போது அந்த வீட்டில் எல்லோரும் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

வெளியூருக்குத் தபாலில் அனுப்புவீர்களா?

அனுப்புகிறோம். அஞ்சல் துறை 2025 மே முதல் புத்தகங்களுக்கென்று நடத்தும் ஞான் போஸ்ட்டில் 300 கிராம் வரை 20 ரூபாயும் 5 கிலோ வரை 100 ரூபாயும் கட்டணம், வரி தனி. கல்லூரி நூலகங்களுக்குக் கழிவு உண்டு. மாணவர்கள் நேரில் வந்தால் அதே கழிவை அவர்களுக்கும் தருகிறோம்.

கையால் எழுதிய பிரதியைத் தரலாமா?

தாராளமாக. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் கையால்தான் எழுதுகிறார்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், இடப்பக்கம் இரண்டு விரல் அளவு இடம் விடுங்கள், தாவரப் பெயர்களின் லத்தீன் வடிவத்தை மட்டும் தனித்தனி எழுத்தாகப் பிரித்து எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் யாராவது ஒருவர் கடையில் இருப்போம்.